இன்னொரு இத்தாலிப் பயணம் வேண்டாம்

டண்டினோங்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் செந்தூரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நீயும் மருமகள் தர்ஷனாவும் சிட்னியில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க கேரம் டவுன்ஸ் கோயில் சிவனையும் விஷ்ணுவையும் வேண்டுகிறேன். நான் இங்கே சுகம் என்று எழுதத்தான் வெளிக்கிட்டேன், பேனை ஓடவில்லை. நான் சுகமா இல்லையா என்பது உனக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ரெலிபோனில் கேட்டால் மீற்றிங் அம்மா, பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிடுவாய், எனக்கும் குரல் உயர்ந்து அழுகை வந்துவிடும். கடிதத்தை நீ இடையில் வைக்க ஏலாது. போன கிழமை நான் தனியாக பஸ் ஏறி கிளினிக்குக்குப் போனேன். என்னுடைய மார்பில் இருக்கிற கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்தார்களே, அந்த ரிசல்ட் வந்துவிட்டதா என்று கேட்டேன். முன்மேசையில் இருந்த பிள்ளை கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, உங்கள் மகனோடு டொக்டர் கதைத்துவிட்டார், அவருக்கு எல்லாம் தெரியும் என்று சிரித்துக்கொண்டு சொன்னது. அவ்வளவு இங்கிலீஷ் எனக்கு விளங்கும். அப்பாவின் நோய் வருத்த நேரத்தில் கொடுத்த உன்னுடைய நம்பரை என்னுடைய பெயருக்கும் கொடுத்து வைத்திருக்கிறாய். கட்டி என்னுடைய மார்பில், செய்தி உன்னுடைய காதில். அன்று பின்னேரம் உனக்கு எடுத்தேன். ஒண்டுமில்லையம்மா, சும்மா கொழுப்புக் கட்டி, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ என்றாய். சரி என்று வைத்தேன். அடுத்த நாள் காலமை நீயாகவே எடுத்து, அம்மா உங்கட பாஸ்போட் எப்ப முடியுது, கிறிஸ்மஸ் லீவுக்கு மூண்டு பேரும் இத்தாலி போவம், நீங்களும் அப்பாவும் திரிஞ்ச இடமெல்லாம் இன்னொருக்காப் பாப்பம் என்றாய். தர்ஷனா பக்கத்தில் நின்று, ஓம் மாமி, வாங்கோ மாமி, நல்ல ஃபன்னா இருக்கும் என்றாள். அதற்கடுத்த நாள் சிட்னி ஹரிஸ் பார்க் கடையில் இருந்து நீ அனுப்பின இனிப்புப் பெட்டி வந்து வாசலில் கிடந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது தம்பி. எங்களுடைய குடும்பத்தில் ஒரு ஆள் சாகப்போகிறது என்றால்தான் இத்தாலிக்கு அனுப்புவது. அது எனக்குத் தெரியாது என்றுதானே நீ நினைத்துக்கொண்டு இருக்கிறாய்.

தெரியும். அப்பா செத்து ஒரு வருஷம் முடிந்த ஆட்டைத் திவசத்தன்று தெரியவந்தது. நீ ஐயருக்குத் தட்சணை கொடுத்து அனுப்பிவிட்டு வாசலில் நின்றாய், நான் பந்தியில் வடை வைத்துக்கொண்டு போனேன். விக்னராஜா அண்ணை, அப்பாவோடு கார்ப் பாட்ஸ் தொழிற்சாலையில் ஒரே ஷிஃப்டில் நின்றவர், இலைக்கு முன்னால் இருந்துகொண்டு பக்கத்து ஆளுக்குச் சொல்லுகிறார், சச்சிதானந்தன்ர துணிவு ஆருக்கு வரும், கான்சர் முத்திப்போச்சு எண்டு டொக்டர் சொன்ன பிறகும் மனுசியைக் கூட்டிக்கொண்டு போய் இத்தாலி பாத்திட்டு வந்தவனல்லோ என்று. பிறகு நிமிர்ந்து என்னைக் கண்டார். வாயில் வைத்த சோறு வாயிலேயே நின்றது. நான், அண்ணை இன்னொரு வடை வைக்கட்டோ என்று கேட்டு வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனேன். குசினிக்குள் போய்த்தான் சுவரைப் பிடித்தேன். பிறகு அவரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன், பாவம் அந்த மனுஷன், உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சனான் தங்கச்சி என்று அழுதுவிட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேலாக வாய் திறக்காமல் இருந்தேன். நீயாகச் சொல்லுவாய் என்று பார்த்தேன். நீ சொல்லவில்லை, திரும்பவும் அதே வேலையைத் தொடங்கிவிட்டாய்.

நாற்பதாவது கல்யாண நாளுக்கு மகன் தந்த பரிசு என்று இந்தப் பைத்தியக்காரி கோயிலில் ஒரு சனத்தை விடவில்லை. ரோம், வெனிஸ், பிறகு கடற்கரை, எல்லாம் என்ர பிள்ளை புக் பண்ணித் தந்தவன் என்று கற்பூரத் தட்டைத் தொட்டுக் கும்பிடுகிற வரிசையில் நின்று சொன்னேன். ரோமில் அப்பா பத்து அடி நடப்பார், ஒரு படியில் இருப்பார். அந்தப் பெரிய வட்டக் கட்டடத்துக்கு முன்னால் நான் ஏசினேன், ஊர் உலகம் ஓடியோடிப் பாக்குது, நீங்கள் மெல்பேணில கல்லே இல்லாத மாதிரி இதில குந்திக்கொண்டு இருக்கிறியள் என்று. அதுக்கு அவர், யோகா, ரெண்டாயிரம் வருஷமா நிக்கிற கட்டடம், எனக்காக இன்னும் பத்து நிமிஷம் நிக்காதோ என்றார். நான் சிரித்தேன். அவருக்கு உடம்பு நோகுது என்று எனக்கு எப்படித் தெரியும். சாப்பிட்டவுடன் ஒரு குளிசை போடுவார், என்னப்பா அது என்றால் விற்றமின் என்பார். பின்னேரங்களில் ரெலிபோனைத் தூக்கிக்கொண்டு பல்கணிக்குப் போய்க் கதவைச் சாத்துவார், ஆரப்பா என்றால் தம்பி செந்தூரன்தான், கோட்டல் விசயம் கேக்கிறான் என்பார். அப்பனும் மகனும் நோக்குளிசையின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று கதைத்திருக்கிறீர்கள், நான் கட்டிலில் இருந்து அடுத்த நாளைக்குச் சேலை மடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

வெனிஸில் அந்தக் கறுத்த வள்ளத்தில் ஏறுவம் என்றார். அதென்ன பாடை மாதிரிக் கறுப்பு, நான் ஏறமாட்டன் என்றேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சொல் என்னுடைய வாயில் வந்ததுக்கு ஆர் காரணம்? நீதான். பிறகு நீ ரெலிபோனில், அம்மா, அப்பாவைத் தனிய நிக்க வைச்சு நேராப் பாத்தபடி ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ என்றாய். நானே அவருக்குத் தலை சீவி, சேட்டுக் கொலரை நிமிர்த்தி, சிரியுங்கோ என்று சொல்லி எடுத்தேன். அந்தப் படத்துக்குத்தான் செத்தவீட்டில் மாலை போட்டது. நல்ல படம் ஒன்று கிடந்ததே, கடவுள் செயல் என்று நான் எல்லாருக்கும் சொன்னேன். கடவுள் செயல் இல்லை, அது உன்னுடைய பிளான். என்னுடைய புருஷனின் செத்தவீட்டுப் படத்தை என்னைக் கொண்டே எடுப்பித்திருக்கிறாய் செந்தூரன். இதை எழுதுவது கவலையில் இல்லை, கோபத்தில்.

கடற்கரையில்தான் எனக்கு ஆறவே ஆறாது. மலையில் பெட்டி பெட்டியாக வீடுகள், கீழே கடல், அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எலுமிச்சம்பழ ஐஸ்கிறீம் ஒன்று வாங்கினார். உங்களுக்குச் சீனி வருத்தம், பத்துத் தரம் சொல்லியாச்சு என்று கையில் இருந்து பறித்துக் குப்பை வாளிக்குள் போட்டேன். நக்கின வரைக்கும் லாபம் யோகா என்று கையைத் துடைத்தார். எனக்குச் சொல்லியிருந்தால் அந்த மனுஷனுக்கு நான் கடையையே வாங்கிக் கொடுத்திருப்பேனே. பிறகு களிசானை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நின்று, யோகா, ஒருக்கா இறங்கி வாரும், இஞ்ச ஆர் எங்களைப் பாக்கப்போகினம் என்று கூப்பிட்டார். சேலை நனையும், அடுத்த முறை வரேக்க பாப்பம் என்றேன். ஓம், அடுத்த முறை என்றார். அடுத்த முறை இல்லை என்று அவருக்குத் தெரியும், உனக்குத் தெரியும், தர்ஷனாவுக்குத் தெரியும், டண்டினோங்கில் தொழிற்சாலையில் நின்ற விக்னராஜா அண்ணைக்குத் தெரியும். நான் ஒருத்திதான் கூழாங்கல்லில் சேலைக்கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொக்கி மாதிரி நின்றேன். உங்கள் எல்லாருக்கும் அது அவரை வழியனுப்புகிற பயணம். எனக்கு மட்டும் லீவு.

திரும்பி வந்து அவருக்குக் கண் மஞ்சளானபோதும் மஞ்சள்காமாலை என்றீர்கள். நான் இந்த டண்டினோங் கடையெல்லாம் அலைந்து, கடைசியில் த பேசின் என்கிற இடத்துப் பிள்ளையார் கோயிலில் கண்ட ஒரு அன்ரியின் வீட்டுத் தோட்டத்தில் கீழ்க்காய்நெல்லி பிடுங்கி வந்து, அரைத்துப் பாலில் கலக்கிக் கொடுத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார், உனக்கு முன்னால்தான் குடித்தார், நீ யன்னலைப் பார்த்தாய். காமாலைக்குப் பத்தியம் என்று உப்பு இல்லை, மீன் இல்லை, எண்ணெய் இல்லை. சாகப்போகிற மனுஷன் ஒரு துண்டு அறக்குளா மீனுக்கு ஆசைப்பட்டுக் கேட்டார், நான் இல்லை என்றேன், நீ கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டு இருந்தாய். அம்மா, குடுங்கோ என்று ஒரு சொல் உன் வாயில் வரவில்லை.

அப்பாதான் சொல்ல வேண்டாம் என்றவர் என்று சொல்லுவாய். சொல்லியிருப்பார். அவரோடும் எனக்குக் கோபம்தான், படத்துக்குப் பூ வைக்கும்போதும் ஏசித்தான் வைக்கிறேன். எங்களுடைய ஆட்களிடம் இது ஒரு பழக்கம். வருத்தம் என்றால் முதலில் மூத்த ஆம்பிளைப் பிள்ளைக்குச் சொல்லு, பிறகு சிநேகிதனுக்குச் சொல்லு, பெண்சாதிக்கு மட்டும் சொல்லாதே, தாங்கமாட்டாள். என்னத்தைத் தாங்கமாட்டேன்? ஷெல் விழும்போது பங்கருக்குள் உன்னை மடியில் வைத்துக்கொண்டு உன் வாயைப் பொத்தினது ஆர்? அப்பா ஆறு மாதம் ஆளில்லாமல் போனபோது, இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் உனக்குச் சோறு தீத்தினது ஆர்? இந்த நாட்டுக்கு வந்து மொழி தெரியாமல் கோழித் தொழிற்சாலையில் குளிருக்குள் நின்றது ஆர்? ஐந்தாம் வகுப்போடு நின்றவள், டொக்டர் சொன்னால் விளங்காது என்று நினைத்தாயா? விளங்காத பாஷையைத் தமிழில் சொன்னால் விளங்கும். நீங்கள் என்னைக் காப்பாற்றவில்லை, உங்களைக் காப்பாற்றிக்கொண்டீர்கள். நான் அழுவதைப் பார்க்க உங்களுக்குத்தான் ஏலாது. என்னுடைய கட்டியும் அந்த மாதிரி ஆகிவிட்டதோ என்று இப்போது நான் ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்கு முன்னால் நின்று என்னையே தடவிப் பார்க்கிறேன். இது நீ எனக்குச் செய்த நல்லது. நாளைக்கு டொக்டரிடம் நானே நேரம் கேட்கப்போகிறேன். உனக்குச் சொல்லமாட்டேன், சொன்னால் நீ அவருக்கு முதலே எடுத்துக் கதைப்பாய்.

வியாழக்கிழமை.

மேலே எழுதியது ஞாயிற்றுக்கிழமை. முத்திரை வாங்கவில்லை, மேசையில் கிடந்தது, அது நல்லதாய்ப் போயிற்று. இன்று போய் வந்தேன். அடுத்த தெருப் பத்மாதான் காரில் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் வைத்து, அக்கா, நானும் உள்ளுக்கு வரட்டோ, இல்லாட்டி வெளியில இருந்து புத்தகத்தில வெள்ளைக்காரியளின்ர கல்யாணப் படம் பாக்கட்டோ என்று கேட்டாள். நீ படத்தைப் பார், நான் கேட்டிட்டு வாறன் என்றேன். டொக்டர் ஒரு இளம் பொம்பிளை. எனக்கு ரெலிபோனில் தமிழ் கதைக்கிற ஆள் வேணும் என்று இங்கிலீஷில் பாடமாக்கி வைத்த வசனத்தைச் சொன்னேன். அது மேசையில் ரெலிபோனைச் சத்தமாகப் போட்டு வைத்தது. இந்தியப் பிள்ளை ஒன்றின் குரல் வந்தது. அம்மா, வணக்கம், டாக்டர் கேக்கறாங்க, இப்பவே சொல்லலாமா, இல்ல உங்க பையன் வந்ததுக்கு அப்புறம் சொல்லட்டுமான்னு. நான் சொன்னேன், பிள்ளை, என்ர மகனுக்கு மார்பில கட்டி இல்லை, எனக்குத்தான், என்னட்டையே சொல்லச் சொல்லும், கதிரையில வடிவாச் சாஞ்சுதான் இருக்கிறன். அந்தப் பிள்ளை அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லியிருக்க வேண்டும், டொக்டர் சிரித்துவிட்டுக் கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டது. பிறகு சிரிக்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டேன். ஒரு சொல் விளங்காவிட்டால் இன்னொருக்கா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை சலிக்காமல் சொன்னது. கடைசியில் டொக்டர் கேட்டதாம், உங்கள் மகன் குடும்பமாக வெளிநாடு போக இருக்கிறதால் ஒப்பரேசனைத் தை மாதத்துக்குத் தள்ளலாமா என்று கேட்டவர், எனக்கு அது விருப்பமில்லை, நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள் என்று. செந்தூரன், என்னுடைய உடம்பை நீ இத்தாலிக்காகத் தள்ளிவைக்கப் பார்த்தாயா? அம்மாவுக்குக் கடைசியாகக் கடலைக் காட்டிவிட்டு ஒப்பரேசன் செய்யலாம் என்றா? அப்பாவுக்கு மருந்து இல்லை, அதனால் கடலைக் காட்டினாய், சரி. எனக்கு மருந்து இருக்கிறது. இருக்கிறதா இல்லையா என்று நின்று கேட்க முதலே உனக்குப் பயம் வந்து ரிக்கற் பார்த்திருக்கிறாய். தள்ள வேண்டாம், எவ்வளவு கெதியாக ஏலுமோ அவ்வளவு கெதியாக வெட்டச் சொல்லு என்றேன். வருகிற மாதம் முதல் செவ்வாய்க்கிழமை தந்திருக்கிறார்கள். வெளியில் வந்து முன்மேசைப் பிள்ளையிடம் பத்மாவைக் கொண்டு கதைப்பித்து, முதலாவது நம்பராக என்னுடையதைப் போடச் சொன்னேன். தமிழ் ஆள் வேண்டும் என்றும் பதியச் சொன்னேன். உன்னுடையது இரண்டாவது. அழிக்கவில்லை, பிள்ளை அல்லவா. ஆனால் இரண்டாவது.

இப்போது உனக்குத் தெரியாத மாதிரி நீ நடிக்கவும் வேண்டாம், எனக்குத் தெரியாத மாதிரி நான் நடிக்கவும் வேண்டாம். எனக்கு மார்பில் புற்றுநோய். பார், ஒரு வரிதான். எழுதியாயிற்று. நீ ஏழாம் வகுப்பில் பரிசு வாங்கினதை ஊருக்கு எழுதின அதே கையால்தான் எழுதினேன். சின்னக் கட்டியாம், வறுத்துத் தின்னுகிற கச்சான் கொட்டையளவு, வேறு இடத்துக்குப் போனமாதிரி இப்போதைக்குத் தெரியவில்லையாம், வெட்டின பிறகுதான் சரியாகச் சொல்லுவார்களாம், அதற்குப் பிறகு கதிர்ச் சிகிச்சை இருக்குதாம். நல்லதும் சொன்னார்கள், சொல்ல ஏலாது என்பதையும் சொன்னார்கள். இரண்டையும் அதே கதிரையில் இருந்து கேட்டேன். காரில் வரும்போது பத்மாதான் அழுதாள், நான்தான் அவளுக்கு ரிஸ்யூ எடுத்துக் கொடுத்து, எடியே, றோட்டைப் பார் என்றேன்.

இத்தாலி ரிக்கற் எடுத்திருந்தால் நிற்பாட்டு. அதே லீவை எடுத்துக்கொண்டு அந்தச் செவ்வாய்க்கு முதல் இங்கே வா. தர்ஷனாவுக்கு வேலையில் லீவு இல்லையென்றால் அவளை நெருக்காதே, அவளோடு எனக்குக் கோபம் இல்லை, நீ சொல்ல வேண்டாம் என்றதைத்தான் அவளும் செய்தாள். ஆனால் உனக்கு வருத்தம் வந்தால் அவளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும், இது என்னுடைய கட்டளை. ஆசுபத்திரியில் என் பக்கத்தில் இரு. என்னைக் கேட்கிற கேள்விக்கு நீ பதில் சொல்லாதே. நான் உன்னைப் பார்த்தால் மட்டும் இங்கிலீஷில் சொல்லு. அழுகை வந்தால் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழாதே, இருந்த இடத்திலேயே அழு, நானும் அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன். குளிருக்கு ஒரு சுவெற்றர் கொண்டு வா, மெல்பேண் உன்னுடைய சிட்னி மாதிரி இல்லை. இனிப்புப் பெட்டி அனுப்பாதே.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கு ஒருவர் ஒளிப்பு மறைப்பு இல்லாமல் நெடுங்காலம் இருக்க என்னுடைய ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, கோபம் இருந்தாலும் உண்டு. கடிதம் கிடைத்தவுடன் ரெலிபோன் எடு, மீற்றிங் முடியட்டும் என்று இராதே. எடுத்தவுடன், யோசிக்காதேங்கோ அம்மா என்று தொடங்காதே. பயமா இருக்கோ அம்மா என்று கேள். ஓம் என்று சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
ச. யோகா